எறும்பு மேட்டுக்குப் போனால் மழை வருமா? பூண்டிப் பக்கத்து மார்கழிக் கணக்கு

“எறும்பு முட்டையத் தூக்கிட்டு மேட்டுக்குப் போவுது. தட்டை எடுத்து உள்ள போடு சாமி!”

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் ஆத்தா இப்படிக் குரல் கொடுத்தால், ஏன் என்று யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. சோளத்தட்டு நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடும். களத்தில் காயும் நிலக்கடலை நனைந்தால் முளைவிட்டுவிடும். ஒரு வருட உழைப்பு அரை மணி நேர மழையில் போய்விடும் என்கிறபோது, எறும்பாவது சொல்லட்டுமே என்றுதான் தோன்றும்.

இன்று திருமுருகன்பூண்டியில் தட்டுப்போர் வைத்திருக்கும் வீடுகளை எண்ணிவிடலாம். பனியன் கம்பெனியும் சாலையோரச் சிற்பக்கூடமுமாக ஊர் மாறிவிட்டது. ஆனாலும் மழைக் கவலை மாறவில்லை. ட்ரையர் இயந்திரங்கள் வருவதற்கு முன்னால், வெளுத்த துணியையும் சாயம் ஏற்றிய நூலையும் வெயிலில்தான் காயப்போட்டார்கள். வானம் மூடினால் அந்த வார டெலிவரி தள்ளிப்போகும். இப்போதும், திறந்த டெம்போவில் பீஸ் ஏற்றி அனுப்புகிறவருக்கும், கொட்டகையில் உளி பிடித்து உட்கார்ந்திருக்கும் சிற்பிக்கும், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஸ்கூட்டரில் வீடு திரும்பும் அக்காவுக்கும், மழை எப்போது வரும் என்பது வெறும் பேச்சு அல்ல.

ஆத்தா சொன்ன அறிகுறிகளில் எதை நம்பலாம்? அதைவிட முக்கியம், எதற்கு நம்பலாம்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பங்ஸதாவ்னி என்று ஒரு சிற்றூர். ஆண்டுதோறும் பிப்ரவரி 2 அதிகாலையில், கடுங்குளிரில், ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஒரு மேட்டில் கூடுவார்கள். ‘கிரவுண்ட்ஹாக்’ எனப்படும் அணில் குடும்பத்துப் பிராணி ஒன்றை, பூனையைவிடக் கொஞ்சம் கனமானது, தொப்பியும் கோட்டும் அணிந்த பெரியவர்கள் வெளியே தூக்குவார்கள். அதற்குப் பெயர் பில். அது தன் நிழலைப் பார்த்துவிட்டால் குளிர் இன்னும் 6 வாரம் நீடிக்கும், பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரம் வரும் என்று ஐதீகம். 1887-லிருந்து இது ஊர்த் திருவிழா. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் சொந்த ஊரில் வேறொரு வளைவாழ் விலங்கை வைத்துப் பார்த்த பழக்கம் இது. போன இடத்தில் அந்த விலங்கு அகப்படாததால், இருப்பதை வைத்துத் தொடர்ந்திருக்கிறார்கள். அங்குள்ள வானிலை ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், பில் சொன்னது பலித்தது பாதிக்கும் குறைவு. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் இதைவிடத் தேறியிருக்கும்! ஆனாலும் கூட்டம் குறையவில்லை.

நம் எறும்பை அந்த பில்லோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. காரணம் இருக்கிறது.

ஆறு கால்களின் சாட்சி

எறும்பு தூக்கிக்கொண்டு ஓடும் வெள்ளை மணிகளை நாம் முட்டை என்கிறோம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவில் இருப்பவை பெரும்பாலும் முட்டையல்ல, புழுவும் கூட்டுப்புழுவும். முட்டை அதைவிடப் பொடிசு. இந்தக் குஞ்சுகளுக்குக் குறிப்பிட்ட ஈரமும் சூடும் வேண்டும். புற்றுக்குள் ஈரம் ஏறினால் வேலைக்கார எறும்புகள் அவற்றைக் காய்ந்த இடத்துக்கு மாற்றும். ஆகவே எறும்பு மேடேறுவது ஜோசியம் அல்ல, அந்த நேரத்து ஈரத்துக்கு அது காட்டும் எதிர்வினை.

இதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. குழாய் ஒழுகினாலும், வாசலுக்குத் தண்ணீர் விட்டாலும், யாராவது புற்றை மிதித்துவிட்டாலும் எறும்பு இதே மாதிரிதான் ஓடும். ஒரு வரிசையைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. சமையலறையில், வேலியோரத்தில், மாட்டுக் கொட்டகையில் என்று நாலு இடத்தில் ஒரே நேரத்தில் புறப்பட்டிருந்தால் மட்டும் கொடியில் காயும் துணியை எடுக்கலாம்.

ஈசல் கதை வேறு. அந்தியில் ஈசல் புறப்பட்டால் அடைமழை என்பார்கள். கறையானுக்குச் சிறகு முளைத்துக் கூட்டமாய்க் கிளம்பும் நாள் பெரும்பாலும் மழை பெய்து மண் நனைந்த பிறகுதான் வரும். காற்று அடங்கியிருக்க வேண்டும், ஈரப்பதம் இருக்க வேண்டும். இணை சேர்ந்து புதுப் புற்றுத் தோண்ட மண் இளகியிருக்க வேண்டும். அதாவது ஈசல் வரப்போகும் மழையைச் சொல்வதைவிட, வந்துவிட்ட மழையைத்தான் சொல்கிறது. ஆனால் ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்தால் அதன் பின்னால் இன்னும் நாலு மழை வரிசையில் நிற்பது வழக்கம் என்பதால், பழமொழி பல வருடம் பலித்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் விளக்கு வைத்து, அடியில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து ஈசல் பிடித்து, வறுத்து, பொட்டுக்கடலையோடு கலந்து தின்றவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். முந்திரி மாதிரி இருக்கும் என்று சொல்லும்போதே அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு ஈசல் தேடிப் போவது கம்பெனி வாசல் விளக்கை. வெள்ளைத் துணி ஓடும் இடமென்றால் ஜன்னலைச் சாத்தச் சொல்லி உடனே குரல் வரும்.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பதற்கும் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். காற்றில் ஈரம் கூடும்போது அதன் இரையான கொசு, சிறு பூச்சிகள் தரையை ஒட்டி இறங்குகின்றன, தட்டானும் பின்னாலேயே இறங்குகிறது. ஆனால் தட்டானுக்கும் பருவமழைக்கும் இருக்கும் உறவு நம் ஆத்தாக்களே நினைத்திராத அளவுக்குப் பெரிது. மாலத்தீவில் வசித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆறு குளமே இல்லாத அந்தப் பவளத் தீவுகளில் அக்டோபர் தொடங்கி லட்சக்கணக்கில் தட்டான்கள் வந்திறங்குவதைக் கவனித்து, 2009-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். மழை மண்டலம் தெற்கே நகர நகர, அதோடு சேர்ந்து வீசும் காற்றில் ஏறி, அந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்பது அவர் முடிவு. மழைநீர்க் குட்டைகளில் முட்டையிட்டாக வேண்டிய பூச்சி அது. மழை போகும் திசையில் போகாவிட்டால் அதற்கு வம்சம் இல்லை. நம் தெருவில் வாலில் நூல் கட்டி விளையாடிய பூச்சிக்கு அப்படி ஒரு பயணம்! (இப்போது யாரும் நூல் கட்டுவதில்லை என்பது தட்டானுக்கு நல்ல செய்தி.)

தவளை கத்துவது ஜோடி தேடி. மயில் ஆடுவது பெட்டைக்காக, அதன் இனப்பெருக்கக் காலம் மழையை ஒட்டி அமைந்ததால் நாம் மழைக்காக ஆடுகிறது என்கிறோம். தூக்கணாங்குருவி கெட்டிக்காரப் பறவை. தென்மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டும்படி பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தில் கூடு கட்டும். இந்த வருடம் காற்று எப்படி இருக்கும் என்று அது கணிப்பதில்லை. காற்று வழக்கமாக எங்கிருந்து வரும் என்பது அதற்குப் பழக்கம். ஆள்காட்டிக் குருவி மேட்டில் முட்டையிட்டால் பெருமழை, பள்ளத்தில் இட்டால் மழை குறைவு என்று குஜராத், ராஜஸ்தான் விவசாயிகளிடம் உறுதியான நம்பிக்கை உண்டு. கோடையில் அங்கே பத்திரிகைகளில் முட்டைப் படம்கூட வரும். நம் பக்கத்திலும் அந்தக் குருவி உண்டு. சரளைக் கல் கிடக்கும் வெறும் தரையில் முட்டையிட்டுவிட்டு, ஆள் வந்தால் ஊரைக் கூட்டும்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். இந்த உயிர்கள் எல்லாம் இப்போதைய காற்றையும் ஈரத்தையும் உணர்கின்றன. சில மணி நேரத்துக்கு அவை நல்ல சாட்சி. அடுத்த ஆடிக்கு மழை உண்டா என்று கேட்டால் எறும்புக்கும் தெரியாது.

கருக்கொள்ளும் மேகம்

அந்த நீண்ட காலக் கேள்விக்குத்தான் மார்கழி.

சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் ஏறக்குறைய 14 நாட்களைக் ‘கர்ப்போட்டம்’ என்பார்கள். டிசம்பர் 28 அல்லது 29-ல் தொடங்கி ஜனவரி 11 வாக்கில் முடியும். அந்த நாட்களில் மேகம் கருக்கொள்கிறது, அதைப் பிற்பாடு மழையாகப் பிரசவிக்கிறது என்பது நம்பிக்கை. விடியலில் எழுந்து வானம் பார்ப்பார்கள். கருமேகம் ஓட வேண்டும், குளிர்ந்த காற்று வேண்டும், லேசாகத் தூறலாம். ஆனால் கொட்டித் தீர்த்துவிடக் கூடாது, கரு கலைந்துவிட்டது என்று முகம் சுருங்கும். ஒவ்வொரு நாளும் வரும் வருடத்தின் ஒரு பகுதிக்கு அடையாளம். மூன்றாம் நாள் மேகம் இல்லையென்றால் அதற்குரிய காலத்தில் மழையில்லை என்று கணக்கு. இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

இதன் வேர் பழையது. 6-ம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மேகத்தின் கர்ப்பத்துக்கு ஓர் அத்தியாயமே உண்டு. கருத்தரித்த நாளிலிருந்து 195-வது நாள் மழை என்கிறது அது. சரி, டிசம்பர் 29-க்கு 195 நாள் கூட்டுங்கள். ஜூலை 12 வருகிறது. வட இந்தியாவில் அது பருவமழை உச்சத்தில் இருக்கும் காலம். நம் பூண்டியில்? ஆனி, ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி நமது, தென்மேற்கு மேகம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடும். தமிழகத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 920 மில்லிமீட்டர், நமக்கு அதைவிட நன்றாகவே குறைவு. நமக்கான பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வடக்கே பிறந்த 195 நாள் கணக்கு நம் மழைக்குப் பொருந்தாது. அதனால்தானோ என்னவோ, நம்மவர்கள் அந்த 14 நாளை வருடம் முழுவதற்குமாக இழுத்துப் பரப்பிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். அது கணக்கைச் சரிசெய்யவில்லை என்றாலும், மானாவாரிக்காரனுக்கு ஆறுதலாக ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்தது.

மார்கழி முடிந்தால் காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் செருகுவோம். அடுத்து நமக்குப் பெரிய பொங்கலைவிடப் பெரிய பட்டிப் பொங்கல். பட்டியில் சாணத்தால் கரை கட்டி, நீர் விட்டுச் சின்னதாய் ஒரு தெப்பக்குளம் செய்து, கன்றை அதில் இறக்கி மிதிக்க விடுவார்கள். மறுநாள் பெண்கள் கூட்டமாய்ப் போய் ஆவாரம்பூ பறித்து வருவது பூப்பறிக்கும் நோன்பு. பானை எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்த்து வருடத்தைச் சொல்வதும் உண்டு. இவற்றை வானிலை அறிக்கை என்று யாரும் எடுத்துக்கொண்டதில்லை. தண்ணீரைக் கேட்டு, மாட்டுக்கு நன்றி சொல்லி, வருடத்தைத் தொடங்குவது அது. கன்று அன்று குளத்தில் இறங்க மறுத்து அடம்பிடித்தால் வீடே சிரிக்கும், அவ்வளவுதான்.

மீன் சொன்ன சேதி

நாட்டார் அறிகுறியில் ஒன்று மட்டும் உலகத்தையே ஆட்டிவைக்கும் அறிவியலாக வளர்ந்தது. அது தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மீனவர்கள் கண்டது. கிறிஸ்துமஸ் ஒட்டிய நாட்களில் கடல் நீர் சூடாகி, மீன்பாடு குறைவதைக் கவனித்து, குழந்தை இயேசுவை நினைத்து அதற்கு ‘எல் நினோ’ என்று பெயர் வைத்தார்கள். மீன் எங்கே போயிற்று என்ற அவர்களின் கவலை, பசிபிக் கடலின் சூடு இந்தியப் பருவமழையை அசைக்கிறது என்ற கண்டுபிடிப்போடு பிற்பாடு போய்ச் சேர்ந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிபோட்டவர்களில் ஒருவர், நம் இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர். அவருக்கு முன்பே, 1886-ல், பிளான்ஃபோர்டு என்ற அதிகாரி இமயமலையில் குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்று பார்த்து அந்த வருடப் பருவமழையைக் கணித்து அறிவித்தார். குளிர்காலத்தைப் பார்த்து மழைக்காலத்தைச் சொல்வது என்ற ஆசை, பாருங்கள், கர்ப்போட்டம் பார்த்த விவசாயிக்கும் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரருக்கும் ஒன்றுதான்.

எல் நினோ என்றால் மழை கிடையாது என்று வாட்ஸப்பில் வரும் செய்தியை அப்படியே நம்பிவிடாதீர்கள். எல் நினோ வருடங்களில் தென்மேற்குப் பருவமழைதான் தளர்வது வழக்கம். தமிழகத்துக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழையோ அந்த வருடங்களில் சராசரிக்கு மேல் பெய்வதுதான் அதிகம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம், பசிபிக் கடலின் நிலவரத்தையும் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் மாவட்டவாரியாக உத்தேச மழையளவை வெளியிடுகிறது. விதைக்கலாமா என்று யோசிப்பவர் பார்க்க வேண்டியது அதை.

ஆனால் மூன்று மாதக் கணிப்பு, ஒரு ராத்திரிக் கொட்டும் மழையைச் சொல்லாது. 2011 நவம்பரில் திருப்பூரில் ஓர் இரவு ஓடைகள் கரைபுரண்டு, ஓரத்தில் குடியிருந்தவர்களின் உயிரைக் கொண்டுபோயின. அப்படிப்பட்ட இரவுக்கு எறும்பும் போதாது, கர்ப்போட்டமும் போதாது. வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாவட்டவாரியாக விடும் எச்சரிக்கையும், மின்னலுக்கு ‘தாமினி’ செயலியும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஓடையோர லைன் வீடுகளில் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கு நம் பழமொழியும் தெரியாது, தமிழ் எச்சரிக்கையும் படிக்க வராது. பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொன்னால்தான் உண்டு.

சாட்சிகள் எங்கே?

என் கவலை வேறொன்று. அறிகுறி பொய்யா மெய்யா என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அறிகுறி சொல்லும் ஆட்கள் இடத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள்.

கிளுவை வேலி போட்டு, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாய், மாடும் ஆடும் மேயவிட்ட கொறங்காடுகள் கொங்கின் தனிச் சொத்து. காங்கேயம் மாடு அதில் வளர்ந்ததுதான். ஆள்காட்டி முட்டையிட்டதும், கறையான் புற்றெடுத்ததும், ஆவாரம் பூத்ததும் அந்த நிலத்தில்தான். அதில் கல் நட்டு மனை பிரித்தால் முதலில் போவது வேலி, அதோடு மற்றதெல்லாம் போகும். இப்போது காப்புக் கட்டும் பூவையே கட்டுக் கட்டாய்ச் சந்தையில் வாங்குகிறோம்.

முழுக்க இருட்டு என்றும் சொல்ல முடியாது. நல்லாற்று நீரை நம்பியிருக்கும் நஞ்சராயன் குளம் முதலில் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. திருப்பூருக்கு ஒட்டிய குளத்துக்கு உலக அங்கீகாரம்! குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கும். பறவை அதிகம் வந்தால் அந்த வருடம் மழை நன்றாகும் என்று குளத்தங்கரை ஊர்களில் சொல்வதுண்டு. வலசைப் பறவை புறப்படுவது அங்கே நாள் சுருங்கிக் குளிர் ஏறுவதால், இங்கே மழை வருவது அதற்குத் தெரியாது. கூடு கட்டும் உள்ளூர்ப் பறவைகள் விஷயம் வேறு, ஏரி நிரம்பாத ஆண்டுகளில் வேடந்தாங்கலிலேயே கூடுகள் குறைந்துவிடும். அவை பெய்த மழைக்கு ரசீது. நகரக் கழிவுநீர் கலந்து வருடம் முழுக்கத் தளும்பும் குளத்தில் அந்த ரசீதையும் நம்ப முடியாது. ஆனாலும் அந்த நம்பிக்கையால் பறவைக்கு நன்மை உண்டு. ஈரோடு மாவட்டம் வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், பறவை மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

பக்கத்து அவிநாசித் தலபுராணத்தில், வற்றிய குளம் நிறைந்து, முதலை வந்து தான் விழுங்கிய பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததாகக் கதை. நம் பக்கத்தில் விலங்கையும் தண்ணீரையும் பிரித்துப் பேசியதே இல்லை.

வரும் அரையாண்டு விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுக் கொடுத்துப் பாருங்கள். நாலு பத்தி போதும்: என்ன பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, வானம் எப்படி இருந்தது, பிறகு எத்தனை மணி நேரத்தில் மழை வந்தது. வராவிட்டால் ‘வரவில்லை’ என்று எழுத வேண்டும், அதுதான் முக்கியம். பலித்த நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். எறும்பை இரண்டு மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள், தட்டானை அந்தியில். கேட்க ஆத்தாவோ அப்பாருவோ பக்கத்தில் இருந்தால் அவர்கள் சொல்வதையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும், அதே சொல்லில். தொடங்கும் நாளைத் தேட வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் மார்கழித் தாளைப் புரட்டினால், ‘கர்ப்போட்ட ஆரம்பம்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.